லிஸ்த்யெவ் வழக்கை மீண்டும் கையில் எடுங்கள்: ரஷ்யப் புலனாய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ரஷ்யக் கூட்டமைப்பின் புலனாய்வுக் குழுவைச் சேர்ந்த மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1995 மார்ச் 1ஆம் தேதி இரவு, மாஸ்கோவின் நோவகுஸ்னெத்ஸ்கயா தெருவில், தாம் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட தொலைக்காட்சித் தொகுப்பாளர் விளாதிஸ்லாவ் நிகலாயெவிச் லிஸ்த்யெவைப் பற்றி எழுதுகிறேன். அவர் கொலை வழக்கின் விசாரணை 2009 ஏப்ரல் 21 அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. கொலையாளியை அடையாளம் காண முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வழக்கை மூடிவிட்டோம் என்று நீங்கள் சொல்லவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றுதான் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இவன் யார், இத்தனை தொலைவிலிருந்து எதற்கு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். தூத்துக்குடியில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். 1990 செப்டம்பரில் மாஸ்கோ வந்து 1997 வரை அங்கே படித்தேன். முதல் ஓராண்டு மொழி, அடுத்த ஆறாண்டு மருத்துவம். இதே கடிதத்தின் ரஷ்ய வடிவம் உங்களுக்குத் தனியே வருகிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் என்னோடு மாணவர் விடுதிகளில் உருளைக்கிழங்குக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள் இன்று ஊர் ஊராக மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு லிஸ்த்யெவின் மீசையும் மூக்குக்கண்ணாடியும் மறந்திருக்காது. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது ரஷ்யாவுக்கே மருத்துவம் படிக்கப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு லிஸ்த்யெவ் யாரென்று தெரியாது. தெரிய வேண்டும்.

எனக்கு ரஷ்ய மொழி கற்றுக்கொடுத்த ஆசிரியைகள் மிகச் சிறந்தவர்கள். ஆனால் என் காதைத் திறந்தவர் லிஸ்த்யெவ்தான். நான் மாஸ்கோ வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தபோது, 1990 அக்டோபர் 25 அன்று, 'போலே சுதேஸ்' முதன்முதலாக ஒளிபரப்பானது. 'அற்புத வயல்' என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் சக்கரத்தைச் சுழற்றி விளையாடும் ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, லிஸ்த்யெவும் அவருடைய மூத்த சகா அனத்தோலி லிசென்கோவும் சோவியத் திரைக்கென்று உருவாக்கியது அது. போட்டியாளர் சக்கரத்தைச் சுற்றுவார், ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்து மறைந்திருக்கும் சொல்லில் இருந்தால் பலகையில் அது திரும்பிக் காட்டப்படும். மொழி தெரியாத ஒருவனுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? ஓர் எழுத்து வரும், அடுத்த எழுத்து வரும், நானும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போவேன். சொல் முழுதாகத் தெரியும்போது விடுதிப் பொது அறையே கத்தும்.

விடுதி வாசலில் சாவிகளைக் காத்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா உட்கார்ந்திருப்பார். எங்களையெல்லாம் 'சினோக்' என்பார். மகனே என்று பொருள். நிகழ்ச்சி நேரத்தில் நாற்காலியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் எழுதிய சொல்லைப் பார்த்து ஈற்றைத் திருத்துவார். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்துவிட்டுப் போன தமிழ்ப் பையனுக்கு வேற்றுமை என்ற எண்ணமே புதிதில்லை. ஆனாலும் எந்த இடத்தில் எந்த ஈறு என்று காது பழகவேண்டும் அல்லவா? அதைப் பழக்கியது பாட்டியம்மாவின் திருத்தலும், திரையிலிருந்து வந்த அந்தத் தெளிவான, அவசரமில்லாத குரலும். 'லிஸ்த்யா' என்றால் இலைகள் என்று பாட்டியம்மாதான் சொன்னார். அவர் பெயருக்குள் இலை இருப்பது எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

அவர் எங்கிருந்து வந்தவர் என்பதைப் பின்னால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். 1956 மே 10இல் மாஸ்கோவில் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளம் வயதில் ஓட்ட வீரர், ஸ்னாமென்ஸ்கி சகோதரர்கள் பெயரிலான விளையாட்டுப் பள்ளியில் நடுத்தூர ஓட்டம் பயின்றவர். படைப்பணி முடித்து மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையில் சேர்ந்தார். பிறகு சோவியத் வானொலியின் வெளிநாட்டு ஒலிபரப்பில் வேலை. அந்த ஒலிபரப்பு பியாத்னித்ஸ்கயா தெரு 25ஆம் எண் கட்டடத்திலிருந்து நடந்தது. மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்ததே. என் அப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் சிற்றலை வானொலியின் முள்ளைத் திருகித் திருகிக் கேட்ட 'மாஸ்கோ வானொலி' இருந்த இடத்தில்தான் லிஸ்த்யெவ் ஒலிவாங்கிமுன் உட்காரப் பழகியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளில் அப்பாவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். பியாத்னித்ஸ்கயாவும் நோவகுஸ்னெத்ஸ்கயாவும் அடுத்தடுத்த தெருக்கள். அவர் வேலையைத் தொடங்கிய இடமும் உயிர்விட்ட இடமும் நடந்து போகிற தூரம்தான்.

1987இல் வெளிநாட்டு வானொலிகளை இரைச்சலிட்டு மறைப்பதை சோவியத் அரசு கைவிடத் தொடங்கியது. இளைஞர்கள் இரவில் அந்த வானொலிகளின் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, அவர்களுக்கென்று வெள்ளி பின்னிரவில் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. அப்படிப் பிறந்தது 'வ்ஸ்க்லியாத்'. 'பார்வை' என்று பொருள். 1987 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை முதல் ஒளிபரப்பு. லிஸ்த்யெவ், அலெக்சாந்தர் லியூபிமோவ், திமித்ரி ஸகாரவ் ஆகியோர் தொகுப்பாளர்கள். பின்னால் அர்த்யோம் போரவிக், அலெக்சாந்தர் பலித்கோவ்ஸ்கி போன்றோரும் சேர்ந்தார்கள். அதுவரை சோவியத் திரையில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர்கள் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார்கள். இந்த இளைஞர்கள் கம்பளிச் சட்டையில் வந்து, ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்து, யோசித்து யோசித்துப் பேசினார்கள். நடுவில் தடுமாறினார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். இடையிடையே அதுவரை திரையில் இடம் கிடைக்காத ராக் பாடல்கள் வந்தன. 1989 ஏப்ரலில் நாடக இயக்குநர் மார்க் ஸகாரவ் அந்த நிகழ்ச்சியில் உட்கார்ந்து, லெனினின் உடலை மண்ணில் அடக்கம் செய்துவிடலாம் என்றார். நாடே கொந்தளித்தது. ஆனால் அப்படி ஒருவர் பேசலாம், பேசியபின் மறுநாள் காலையில் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கலாம் என்று கோடிக்கணக்கானவர்களுக்கு அன்று தெரிந்தது. சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளைப் பற்றி நான் படித்த எந்தக் கனத்த நூலும் இந்தச் சிறு விஷயத்தின் எடையைச் சரியாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

நான் போய்ச் சேர்ந்தபோது 'வ்ஸ்க்லியாத்' இறுதிக் கட்டத்தில் இருந்தது. 1990 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்நாத்சே பதவி விலகினார். அதைப் பற்றிப் பேசவிருந்த நிகழ்ச்சி தடுக்கப்பட்டது. அடுத்து நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. வெள்ளி இரவு தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அவர்கள் வராததைக் கண்டு பாட்டியம்மா எழுந்து போன நடை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சொல்லும் பேசவில்லை. 1991 ஆகஸ்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்ற பிறகுதான் அவர்கள் மறுபடி திரைக்கு வந்தார்கள்.

லிஸ்த்யெவிடம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரியும் குணம் ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. 'போலே சுதேஸ்' நாட்டிலேயே மிக அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் ஒன்றாக உயர்ந்தபோது, ஒரே ஆண்டில், 1991 இலையுதிர்காலத்தில், அதை லியனீத் யகுபோவிச்சின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். யகுபோவிச் அதைத் தமக்கே உரிய முறையில் வளர்த்தார். போட்டியாளர்கள் ஊரிலிருந்து ஊறுகாய் ஜாடியும் பழப்பாகும் கொண்டுவந்து மேடையில் கொடுக்கும் வழக்கமெல்லாம் அவர் காலத்தில் வந்தவை. 1992இல் லிஸ்த்யெவ் 'தேமா' தொடங்கினார். ரஷ்யத் தொலைக்காட்சியின் முதல் உரையாடல் அரங்கம் அதுதான். ரஷ்ய மொழியில் 'தேமா' என்றால் பேசுபொருள். எங்களுக்கோ பள்ளியில் வாய்பாடாகச் சொன்ன தேமா, புளிமா நினைவுக்கு வரும். அதையும் சிறிது காலத்தில் பிறரிடம் ஒப்படைத்தார். ஒன்றைக் கட்டி, அது நிற்கும் என்று தெரிந்ததும் இன்னொருவரை அமர்த்திவிட்டு அடுத்த நிலத்துக்குப் போகிறவர் அவர். புகழை விட்டு எழுந்து போகத் தெரிந்த தொலைக்காட்சி முகங்கள் எந்த நாட்டில்தான் அதிகம்?

'தேமா' எப்போது ஒளிபரப்பானது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. மக்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் சில மாதங்களில் கரைந்தது. எங்கள் உதவித்தொகைக்கு என்ன வாங்கலாம் என்று வாரத்துக்கு வாரம் கணக்குப் போட்டோம். மெத்ரோ வாசல்களில் முதியவர்கள் வரிசையாக நின்று வீட்டுப் பொருள்களை விற்றார்கள். அரைச் சோடிக் காலணியும் கரண்டியும்கூட விற்பனைக்கு வந்தன. அந்த நாட்களில் மாலையில் ஓர் அரங்கம் நிறையச் சாதாரண மனிதர்கள் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே பேசினார்கள். ஒலிவாங்கியோடு அவர்கள் நடுவில் நடந்துபோய் லிஸ்த்யெவ் கேட்டுக்கொண்டிருந்தார். பேசியவர்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பார். மருத்துவ மாணவனாக நோயாளியின் வரலாறு கேட்கக் கற்றுக்கொண்டிருந்த எனக்கு அது இன்னொரு வகுப்பு. நோயாளி பேசி முடிக்குமுன் குறுக்கிடாதே என்று பேராசிரியர் சொன்னது அவரைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

இதற்கிடையில் 'வித்' என்ற தயாரிப்பு நிறுவனம் வளர்ந்திருந்தது. 'வ்ஸ்க்லியாத்' குழுவினர் 1990இல் தொடங்கியது. அதன் சின்னமாகக் கறுப்புத் திரையில் தோன்றும் பழங்காலச் சீன முகம் ஒன்று உண்டு. அந்தக் கால ரஷ்யக் குழந்தைகள் அதைக் கண்டு போர்வைக்குள் ஒளிவார்கள். இப்போது நாற்பதைக் கடந்த ரஷ்யர்களிடம் அந்த முகத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1994 மே 30 முதல் 'சாஸ் பிக்'. நெரிசல் நேரம் என்று பொருள். வேலை நாட்களில் மாலைதோறும் ஒரு விருந்தினர், ஒரு மேசை, கால்சட்டைக்குத் தோள்வார் போட்ட லிஸ்த்யெவ். அதுதான் அவரை எல்லார் வீட்டிலும் ஒருவராக்கியது. மருத்துவமனைப் பயிற்சி முடிந்து விடுதி திரும்பினால் அந்தக் குரல் தாழ்வாரத்தில் கேட்கும். அமைச்சரானாலும் நடிகரானாலும் ஒரே மரியாதை, ஒரே நேரடிக் கேள்வி.

இனி நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்த பகுதி. உங்களுக்காக இல்லாவிட்டாலும் என் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும்.

1994 நவம்பரில் அதிபர் யெல்த்சின் ஆணையால் நாட்டின் முதல் அலைவரிசை கூட்டுப்பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது. பெயர் 'ஓஆர்டி'. 51 விழுக்காடு அரசிடம், மீதி தனியாரிடம். 1995 ஜனவரி 25 அன்று லிஸ்த்யெவ் அதன் தலைமை இயக்குநரானார். அன்று அந்த அலைவரிசையின் விளம்பர நேரத்தைத் தயாரிப்பு நிறுவனங்களும் இடைத்தரகர்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரும் பணம் புரண்டது. அலைவரிசைக்கோ ஊழியர் சம்பளத்துக்கே திண்டாட்டம். லிஸ்த்யெவின் சொந்த நிறுவனமும் அந்தச் சந்தைக்கு வெளியே இருந்ததில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பொறுப்புக்கு வந்தபின் அவர் அந்த ஏற்பாட்டின்மேலேயே கைவைத்தார். பிப்ரவரி 20 அன்று, புதிய விதிகள் வகுக்கப்படும்வரை அலைவரிசையில் விளம்பரமே இராது என்று அறிவிக்கப்பட்டது. புதிய நிறுவனம் ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்க இருந்தது.

அறிவிப்பு வந்த ஒன்பதாம் நாள், தலைமை இயக்குநரான 35ஆம் நாள், 'சாஸ் பிக்' வேலையை முடித்து வீடு திரும்பியவரைப் படிக்கட்டில் சுட்டார்கள். இரண்டு குண்டுகள். ஒன்று கையில், ஒன்று தலையில். சட்டைப்பையிலும் பையிலும் இருந்த பெரும் பணத்தையும் விலையுயர்ந்த பொருள்களையும் யாரும் தொடவில்லை. அவருக்கு வயது 38. ரஷ்ய நாட்காட்டியில் மார்ச் 1 வசந்தத்தின் முதல் நாள்.

மறுநாள் மார்ச் 2. வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பொது அறையில் தொலைக்காட்சி ஓடியது, ஆனால் சத்தம் இல்லை. வழக்கமான நிகழ்ச்சிகள் எதுவும் இல்லை. திரையில் அவருடைய படம். அதன்கீழ் மூன்றே சொல்: 'விளாதிஸ்லாவ் லிஸ்த்யெவ் உபீத்.' பாட்டியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலைக்குட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அலைவரிசையை மாற்றினோம். அங்கும் அதே படம். அந்த நாடு அதற்குமுன் தலைவர்கள் இறந்தபோது திரையில் சோக இசை கேட்டுப் பழகியிருந்தது. ஒரு தொகுப்பாளருக்காகத் திரை அசையாமல் நின்றது அதுவே முதல்முறை.

'உபீத்' என்ற சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. கொல்லப்பட்டார். ரஷ்ய இலக்கணத்தில் அது செயப்பாட்டுவினை. நம் மொழியிலும் அப்படியே. செய்தவரைச் சொல்லாமலே முடிந்துவிடுகிற வாக்கியம் அது. சொல்ல வேண்டுமானால் தமிழில் மூன்றாம் வேற்றுமை வேண்டும், 'ஆல்' உருபு. ரஷ்ய மொழியிலும் அதற்கென்றே ஒரு வேற்றுமை இருக்கிறது. அதன் பெயரிலேயே 'செய்தல்' என்ற பொருள் உண்டு. அதற்கான கேள்வி: 'கெம்?' யாரால்? போலே சுதேஸ் பார்த்து நான் கற்றுக்கொண்ட முதல் வினாச்சொற்களில் அதுவும் ஒன்று. அன்று காலை விடுதியில் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டதும் அந்த ஒரு சொல்தான்.

யெல்த்சின் அன்றே ஒஸ்தான்கினோ தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்தார். ஊழியர்கள்முன் நின்று நாட்டின் தலைமையில் இருப்பவன் என்ற முறையில் தம் பொறுப்பை ஏற்றார். மாஸ்கோவின் அரசு வழக்குரைஞரையும் காவல்துறைத் தலைவரையும் பதவியிலிருந்து நீக்கினார். மார்ச் 4 அன்று வாகன்கவோ இடுகாட்டில் அடக்கம். பல்லாயிரம் பேர் குளிரில் வரிசையாக நின்று அவரை வழியனுப்பினார்கள். கொலைகாரர்கள் விரைவில் பிடிபடுவார்கள் என்று அன்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். ஓர் அதிபரே வாக்குக் கொடுத்திருக்கிறார், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, பிடிக்காமல் எப்படி இருப்பார்கள் என்று பாட்டியம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரிகள் மாறினார்கள். தலைமை வழக்குரைஞர்கள் மாறினார்கள். நெருங்கிவிட்டோம் என்ற அறிவிப்பு எத்தனையோ முறை வந்தது. நான் படிப்பு முடித்து ஊர் திரும்பினேன், நாளேடுகளில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. 14 ஆண்டுகள் கழித்து வந்த செய்தி, நிறுத்தி வைப்பு.

நீங்கள் 1995இல் இல்லை. உங்கள் குழு தனி அமைப்பாக உருவானது 2011இல். ஆனால் கோப்பு உங்களிடம் இருக்கிறது. அந்தக் கோப்பின் பொறுப்பும் உங்களுடையதே. காலம் கடந்துவிட்டது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் குற்றவியல் சட்டத்தின் 78ஆம் பிரிவை நானும் படித்திருக்கிறேன். ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தில் காலவரம்பைப் பொருத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீதிமன்றம். தேடப்படுபவர் ஒளிந்திருந்தால் அந்தக் கணக்கே நின்றுவிடும். நிறுத்தி வைத்த விசாரணையை மறுபடி தொடங்க உங்கள் நடைமுறைச் சட்டமே வழி வைத்திருக்கிறது. புதிதாக விசாரிக்க வேண்டிய தேவை எழுந்தால் போதும்.

முடியும் என்பதற்கு உங்கள் நாட்டிலேயே சான்று உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் கலீனா ஸ்தரவோய்தவா 1998 நவம்பரில் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில், லிஸ்த்யெவைப் போலவே, தம் வீட்டுப் படிக்கட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் 2005இல் தண்டிக்கப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கொலையை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவருக்கு 2015இல் 17 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கொலை நடந்து பதினேழாம் ஆண்டு அது. 2006 அக்டோபரில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அன்னா பலித்கோவ்ஸ்கயாவின் வழக்கில் 2014இல் ஐந்து பேர் தண்டனை பெற்றார்கள். ஆனால் அவரைக் கொல்லச் சொன்னவர் யார் என்பது இன்றும் வெளிவரவில்லை. தண்டனை பெற்ற ஐவரில் ஒருவருக்கு உக்ரைன் போரில் சண்டையிட்டதற்காக மன்னிப்பும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்னா, 'வ்ஸ்க்லியாத்' தொகுப்பாளர் அலெக்சாந்தர் பலித்கோவ்ஸ்கியின் மனைவியாக இருந்தவர். அதே குழுவின் அர்த்யோம் போரவிக் 2000 மார்ச்சில் மாஸ்கோவின் ஷெரெமேத்யெவோ விமான நிலையத்தில் விமானம் விழுந்து இறந்தார். 1994 அக்டோபரில் பெட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து இறந்த இளம் நிருபர் திமித்ரி ஹொலதவின் வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். கேள்வி கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை எப்படிக் கரைந்தது என்று எண்ணிப் பார்க்கையில், முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை லிஸ்த்யெவ் வழக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாடே பார்த்துக்கொண்டிருந்த கொலைக்குத் தண்டனை இல்லை என்றால், யாரும் பாராத கொலைக்கு யார் அஞ்சுவார்கள்? 1995இலேயே சிலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

யார் செய்திருப்பார்கள் என்று ரஷ்ய ஏடுகள் பல பெயர்களை எழுதிவிட்டன. நூல்கள் வந்தன, ஆவணப்படங்கள் வந்தன. அந்தப் பெயர்களில் ஒன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. விளம்பரத் தடைதான் காரணம் என்றும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவர்மேல் கொலைப்பழி சுமத்தும் உரிமை நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதால், குற்றம் செய்யாத சிலரும் முப்பது ஆண்டுகளாக அந்தப் பழியின் நிழலில் வாழ்கிறார்கள். சிலர் அப்படியே இறந்தும் போனார்கள். அவர்களுக்கும் நீங்கள் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அவருடைய குடும்பத்தார் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தால், அவர்கள் ஓய்ந்ததைக் கோப்பை உறங்கவிடும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். விசாரணையை மறுபடி தொடங்குங்கள். அன்று எடுத்து வைத்த தடயங்களை இன்றைய தடய அறிவியலின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். 1995இல் மரபணுச் சோதனைக்கு எவ்வளவு பொருள் தேவைப்பட்டது, இன்று எவ்வளவு சிறிது போதும் என்பது மருத்துவனான எனக்குத் தெரியும், உங்கள் ஆய்வகங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அச்சத்தால் அன்று வாய் திறக்காத சாட்சிகள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அதற்கும் மனமில்லை என்றால், 14 ஆண்டுகளில் என்னென்ன செய்தீர்கள், எந்தெந்த வழியை ஏன் கைவிட்டீர்கள், எந்த இடத்தில் எதனால் நின்றீர்கள் என்று ஓர் அறிக்கையாவது வெளியிடுங்கள். எந்த நோயாளி என் கையில் இறந்தாலும், ஏன் இறந்தார் என்று அவர் வீட்டாரிடம் நான் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். தெரியவில்லை என்றால், எதுவரை தெரிந்தது என்றாவது சொல்ல வேண்டும். என் தொழிலில் அதற்கு விலக்கு இல்லை. உங்கள் தொழிலிலும் இருக்கக்கூடாது.

1997 கோடையில் ஊருக்குக் கிளம்புமுன் வாகன்கவோ இடுகாட்டுக்குப் போனேன். வாசலில் பூ விற்ற அம்மாள் எத்தனை என்று கேட்டார். ரஷ்யாவில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையிலும் இறந்தவர்களுக்கு இரட்டைப்படையிலும் பூக் கொடுப்பார்கள். நான்கு கார்னேஷன் வாங்கினேன். நான் சொல்லாமலே, விளாதுக்கா (விளாதிஸ்லாவை அப்படித்தான் சுருக்கி அழைப்பார்கள்), உள்ளே போய்த் திரும்பு என்று கைகாட்டினார். இரண்டு ஆண்டுக்கு மேலாகியும் கல்லறை தெரியாத அளவுக்குப் பூக்கள். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியை அழைத்துவந்த தாய் நின்றார். இவரை யார் கொன்றார்கள் அம்மா என்று அந்தச் சிறுமி கேட்டாள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் தாய்.

அந்தச் சிறுமிக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்களா?

பதிலை ரஷ்ய மொழியிலேயே எழுதுங்கள். படித்துவிடுவேன்.

மரியாதையுடன்,
மாஸ்கோவில் படித்த ஒரு மருத்துவன்,
தூத்துக்குடி